தொலையாத கட்டளை

சங்கரன்கோவில்
8 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கோகிலா எழுதுவது. அம்மா, அப்பா, நான் மூவரும் சுகம். நீயும் மதினியும் ராட்டர்டாமில் வெயிலைக் கண்ணால் பார்த்தீர்களா, இல்லை இன்னும் ஸ்வெட்டர்தானா?

நேற்று போனில் நீ கத்தினாய், நானும் கத்தினேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரும் என்ன பாஷையிலதான் சண்ட போடுதிய? எனக்கு ஒண்ணும் விளங்கல" என்றாள். அதனால் இந்த விஷயத்தை இனி எழுத்தில் வைத்துக்கொள்வோம். எழுத்தில் கத்த முடியாது. அனுப்பும் முன் ஒரு தடவை படித்தும் பார்க்கலாம். உனக்கு அந்தப் பழக்கம் கிடையாது, பழகிக்கொள்.

முதலிலிருந்து சொல்கிறேன். நானும் ஷிரின் பானுவும் செய்து விற்கும் மோட்டார் பெட்டி இதுவரை மிஸ்டு காலில் ஓடுகிறது. வீட்டிலிருந்தே ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் கிணற்று மோட்டார் ஓடும், இன்னொன்று கொடுத்தால் நிற்கும். இப்போது உழவர் குழுத் தலைவர் அருண்பாண்டியன் அண்ணாச்சி, குருவிகுளம், திருவேங்கடம் பக்கத்துக்கு நானூறு பெட்டி கேட்கிறார். ஆனால் அவருக்கு மிஸ்டு கால் போதாது. கரண்ட் இருக்கிறதா, மோட்டார் எவ்வளவு நேரம் ஓடியது என்பதெல்லாம் செல்போன் திரையில் தெரிய வேண்டுமாம். அப்படியென்றால் நடுவில் ஒரு சர்வர் வேண்டும். நானூறு பெட்டியும் நாள் முழுக்க அதோடு லைனில் இருக்கும். ஒரே ஆள் நானூறு போனைக் காதில் வைத்துக்கொண்டு, எது பேசுகிறது, எது செத்துவிட்டது என்று பார்க்கிற வேலை.

இதை வெறும் கையால் எழுதுவதா, ஒரு ஃப்ரேம்வொர்க்கின் மேல் எழுதுவதா, எந்த ஃப்ரேம்வொர்க் என்பதுதான் நம் சண்டை. ஜாவாவில் ஒன்றும் பைதானில் ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன். நீ எழுதிய 'பாலம்' தவிர மற்றதெல்லாம் குப்பை என்கிறாய். காரணத்தை எழுது. ஐப்பசி மழைக்கு முன் பெட்டிகள் தோட்டத்தில் இருக்க வேண்டும். தவறினால் ஆர்டர் வெளியூர்க் கம்பெனிக்குப் போய்விடும், நாங்கள் கடையைப் பூட்ட வேண்டியதுதான். ஷிரின் வீட்டில் அதற்காகவே மாப்பிள்ளை பார்த்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

மதினியைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புத் தங்கை,
கோகிலா


ராட்டர்டாம்
11 ஜூன் 2025

அன்புத் தங்கச்சி கோகிலாவுக்கு,

மாரிராஜ் எழுதிக்கொள்வது. நானும் நிர்மலாவும் நலம். உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் ஆவல். உன் கடிதத்தை நிர்மலாவிடம் படித்துக் காட்டினேன். பாதிக்கு மேல் சிரித்தாள், என் பக்கம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வெறும் கையால் எழுதும் எண்ணத்தை இன்றே விடு. ஃப்ரேம்வொர்க் என்பது கல்யாண வீட்டுக்குச் சமையல்காரரை அமர்த்துவது மாதிரி. அடுப்பு, பாத்திரம், பந்தி, பரிமாறல் அவர் பாடு. என்ன சாப்பாடு என்பது மட்டும் உன் பாடு. நீ அடுப்பு மூட்டுவதிலிருந்து ஆரம்பித்தால் தாலி கட்டி முடிந்த பிறகும் சோறு வேகாது.

ஏன் பாலம்? மற்ற ஃப்ரேம்வொர்க்குகள் லைன் நன்றாக இருக்கும் ஊர்க்காரர்கள் எழுதியவை. லைன் அறுந்தால் நீ அனுப்பியது காற்றோடு போச்சு. நான் மேலநீலிதநல்லூரில் ஒரு புள்ளி சிக்னலுக்காக நம் தோட்டத்துக் கிணற்று மேட்டில் ஏறி நின்றவன். பாலம் ஒரு கட்டளையையும் தொலைக்காது. பெட்டி லைனில் இல்லையென்றால் கட்டளையைப் பத்திரமாக வைத்திருக்கும். பெட்டி திரும்பி வந்ததும் முதல் வேலையாகக் கையில் கொடுக்கும். நாலு வருஷம் ஆபீஸ் முடிந்து உட்கார்ந்து எழுதியது. ஒரு ஹோட்டல்காரர் கதவுப் பூட்டுகளுக்கு வைத்திருக்கிறார், இதுவரை ஒரு குறை வந்ததில்லை.

என் தங்கையே வேறொன்றை எடுத்தால் ஊரில் யார் என்னை மதிப்பார்கள்?

அம்மா அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்,
மாரிராஜ்


சங்கரன்கோவில்
29 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு அனைவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் வந்து வந்து போகிறது. அங்கு இருவர் நலமும் அறிய ஆசை.

கோபப்படாமல் படி. மூன்றையும் ஓட்டிப் பார்த்தேன். நானூறு பொய்ப் பெட்டிகளைக் கம்ப்யூட்டரிலேயே உண்டாக்கி, இஷ்டத்துக்கு லைனை அறுத்துவிட்டேன். ஜாவா வேகமாக இருந்தது, ஆனால் எனக்குப் பிடிபடவே ஒரு மாதமாகும். பைதான் எனக்குக் கைவந்தது, ஆனால் செத்த லைனை உயிரோடு இருப்பதாக நினைத்துக்கொண்டே இருந்தது. உன் பாலம் அசையவில்லை. ஷிரின் பார்த்துவிட்டு, "ஒங்க அண்ணன் சும்மா பெருமையடிக்கலட்டி, சரக்கு இருக்கு" என்றாள். போதுமா?

ஒன்று மட்டும் இடிக்கிறது. இங்கே மோட்டாருக்கான த்ரீ பேஸ் கரண்ட் முறை வைத்து வரும், சொல்லாமல் போகும். அது போனால் பெட்டியும் அணைந்துவிடும். அந்த நேரத்தில் ஒருவர் ஆன் அழுத்துகிறார் என்று வை. பாலம் அதை வைத்துக்கொண்டிருந்து, கரண்ட் வந்ததும் கொடுக்கும். அதற்குள் அவர் மனசு மாறியிருந்தால்? கிணற்றடியில் ஆள் நின்றால்? அப்படி வைத்திருக்க வேண்டாம் என்று பாலத்திடம் சொல்ல ஒரு வழி தேடினேன், கிடைக்கவில்லை.

முதல் சோதனைக்கு அப்பா நம் பிச்சிப்பூத் தோட்டத்துக் கிணற்றைக் கொடுத்திருக்கிறார். "எம் பிள்ளைய ரெண்டு பேரும் எழுதுனது, எங்கிணத்துல ஓடாம வேற எங்கன ஓடும்?" என்று அருண்பாண்டியன் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு வந்தார். உன்னைப் போனில் ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார்.

அன்புடன்,
கோகிலா


ராட்டர்டாம்
2 ஜூலை 2025

பிரியமுள்ள கோகிலாவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்காலுக்கு நிர்மலா ஒரு தைலம் அனுப்புகிறாள்.

ஷிரின் பானுவுக்கு ஊருக்கு வரும்போது ஒரு பெட்டி சாக்லேட் உண்டு என்று சொல். உனக்குக் கிடையாது.

நீ கேட்டது குறையில்லை, அதுதான் பாலத்தின் சிறப்பே. கரண்ட் எப்போது வரும் என்று காத்துக் கிடக்கிற விவசாயி, நம் ஊர்ச் சம்சாரி, ஒரு தடவை அழுத்திவிட்டு நிம்மதியாகத் தன் சோலியைப் பார்க்கலாம். வந்ததும் தானே ஓடும். மனசு மாறினால் ஆஃப் அழுத்தட்டும், அதுவும் தொலையாது. ஊரில் ஆட்டோ ஸ்டார்ட்டர் இருக்கிறதே, அது கரண்ட் வந்ததும் தானாக ஓடவில்லையா? கட்டளையை வைத்திருக்காதே என்று சொல்ல வழி கேட்கிறாய். அப்படி ஒரு கதவைத் திறந்தால் பாலம் பாலமாக இருக்காது. இதற்காகவே நான் அதை எழுதினேன். நீ யோசித்துக்கொண்டே இருந்தால் ஐப்பசி வந்துவிடும். ஏற்று.

அப்பாவோடு பேசினால் "எப்பம் வாரே" என்பதில் ஆரம்பித்து அதிலேயே முடிகிறது. என்ன பதில் சொல்ல? இரண்டு வருஷமாக அடுத்த மாதம், அடுத்த மாதம் என்கிறேன். நான் கேட்டதாக நீயே சொல்லிவிடு.

பெட்டி ஓட ஆரம்பித்ததும் எனக்கும் அந்த ஆப்பில் ஒரு கணக்கு போட்டுக் கொடு. இங்கிருந்து நம் தோட்டத்து மோட்டாரை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
மாரிராஜ்


சங்கரன்கோவில்
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகமே. ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டத்தில் மூன்று நாள் கடையைத் திறக்க முடியவில்லை, வாசலில் பலூன்காரர் குடியேறிவிட்டார். தைலம் வந்தது. அம்மா அதைத் தடவாமல் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

பாலத்தை ஏற்றிவிட்டேன். முதலில் சோதனைக்குப் பதினைந்து பெட்டிகள், எல்லாம் நம் மேலநீலிதநல்லூர்ப் பக்கம். இதுவரை நன்றாக ஓடுகின்றன. வெளியூர்க் கம்பெனி ஆள் ஒருவர் காரில் வந்து அருண்பாண்டியன் அண்ணாச்சியைப் பார்த்துவிட்டுப் போனார். அண்ணாச்சி எனக்கு ஒளிக்கவில்லை. "ஏம்மா, எனக்கு ஒங்க பெட்டிதான் புடிச்சிருக்கு. ஆனா ஆவணி கடைசிக்குள்ள மொத்தமும் ஓடணும், பாத்துக்கோ. மெம்பர்மாரு என்னைப் புடுங்கி எடுக்காவ" என்றார். ஆவணி கடைசி என்றால் ஒரு மாதம்தான்.

மறுபடியும் அதே கேள்வியோடு உன்னிடம் வர வெட்கமாக இருக்கிறது, ஆனால் அது என்னை விடவில்லை. அப்பாவின் ஸ்டார்ட்டர் பெட்டியிலும் நீ சொன்ன அந்த ஆட்டோ சுவிட்ச் இருக்கிறது. வேலை செய்யும்போது அதைக் கீழே தள்ளிவிட்டு, தோளில் கிடக்கும் துண்டை ஸ்டார்ட்டர் பெட்டிமேல் போட்டுவிடுவார்கள். இந்தப் பக்கம் முழுக்க அதுதான் வழக்கம். துண்டு கிடந்தால் உள்ளே ஆள் கை வைத்திருக்கிறான் என்று அர்த்தம், குழந்தைகூட பெட்டியைத் தொடாது. நம் பெட்டி ஸ்டார்ட்டரை ஓட்டும் பச்சைப் பொத்தானோடு சேர்த்து மாட்டியது, கட்டளை வந்தால் நேரே ஓட்டிவிடும், ஆட்டோ சுவிட்சைக் கேட்காது. ஃபியூசைப் பிடுங்கினால் கவலையில்லை. ஆனால் கரண்ட் இல்லாத நேரம் பார்த்துத்தானே வேலையே செய்கிறார்கள், இல்லாத கரண்டுக்கு எவர் ஃபியூசைப் பிடுங்குவார்?

நீ கேட்ட கணக்கை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நம் கிணறு மட்டும் தெரியும்.

அன்புடன்,
கோகிலா


ராட்டர்டாம்
25 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். நலமறிய ஆவல். பதில் தாமதமானதற்குத் திட்டாதே, ஒரு மாநாட்டில் பாலத்தைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். உங்கள் பதினைந்து கிணறுகளும் அங்கே திரையில் வரப்போகின்றன.

நேற்று ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் நண்பர்கள் குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தார்கள். பந்தாவாகப் போனை எடுத்து, இதோ பாருங்கள், எங்கள் அப்பாவின் கிணறு, இங்கிருந்து தண்ணீர் எடுக்கிறேன் என்று ஆன் அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. பெட்டி லைனில் இல்லை என்று வந்தது. கரண்ட் போயிருக்கும். மானம் போயிற்று. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டு பிரியாணிக்குப் போய்விட்டேன். நம் ஊர் மின்சாரத்தை நம்பி வித்தை காட்டப் போனது என் தப்பு.

துண்டு விஷயம் படித்தேன். ஆள் நிற்கிறானா என்று பார்ப்பது சர்வரின் வேலை இல்லையம்மா. ஒவ்வொரு சம்சாரிக்கும் ஒரு தாள் அச்சடித்துக் கொடு, வேலை செய்யும்போது ஃபியூசைப் பிடுங்கவும் என்று. முடிந்தது. நானூறையும் ஏற்று, தைரியமாக.

அப்பா, அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்,
மாரிராஜ்


சங்கரன்கோவில்
9 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு,

அம்மா நலம். நான் நலம்.

பதினைந்து பெட்டிகளையும் சர்வரிலிருந்து கழற்றிவிட்டேன். பழையபடி மிஸ்டு காலில் ஓடுகின்றன. ஒருவருக்குக் கையில் அடி. கரண்ட் இல்லாத நேரம் மோட்டாரில் வேலை செய்துகொண்டிருந்தார். ஆட்டோ சுவிட்சைத் தள்ளியிருந்தார், துண்டும் கிடந்தது. கரண்ட் வந்தது, பெட்டி லைனுக்கு வந்தது, பாலம் தன்னிடம் இருந்த ஆன் கட்டளையைக் கொடுத்தது.

ஆன் கட்டளையைப் பாலம் வைத்திருக்கக் கூடாது. அரை நிமிஷத்தில் போய்ச் சேராவிட்டால் அது செத்துவிட வேண்டும். அதற்கு ஒரு வழி செய்து கொடு. இதை நான் தங்கையாகக் கேட்கவில்லை, உன் ஃப்ரேம்வொர்க்கை வைத்திருக்கிறவளாகக் கேட்கிறேன்.

அண்ணாச்சியிடம் தவணை கேட்டிருக்கிறேன். முகம் கொடுத்துப் பேசவில்லை.

கோகிலா


ராட்டர்டாம்
10 செப்டம்பர் 2025

கோகிலாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அந்த மனிதருக்கு எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரிச் செலவு எதுவானாலும் நான் அனுப்புகிறேன், கூச்சப்படாதே.

ஆனால் ஒன்றைப் பேசித்தான் ஆக வேண்டும். அழுத்தியது யார்? அடிபட்டவரேவா, அவர் வீட்டு ஆளா? கரண்ட் இல்லை என்று திரையில் தெரிந்த பிறகும் ஆன் அழுத்திவிட்டு, அதை அப்படியே மறந்துபோகிற ஆள் என்ன மாதிரி ஆள்? கிணற்றடியில் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்கக்கூடவா தோன்றாது? அப்படி ஒரு மடையனுக்காக நான் பாலத்தின் முதுகெலும்பை உருவ முடியாது. நீ பேரைச் சொல், நானே அந்த ஆளிடம் பேசுகிறேன்.

இன்னொன்று. நல்ல செய்தியை நல்ல நேரத்தில் சொல்லலாம் என்றிருந்தேன், நீ அதற்கு வழி விடவில்லை. இங்கே பார்சல் பிரிக்கும் பெரிய கூடம் ஒன்றில் கன்வேயர் பெல்ட்டுகளுக்குப் பாலத்தை எடுக்கிறார்கள். ஒரு கட்டளையும் தொலையாது என்பதற்காகவே எடுக்கிறார்கள். அக்டோபர் முதல் தேதி ஓடும். பெல்ட் நிற்கும்போது துப்புரவு ஆட்கள் கைவிட்டுச் சுத்தம் செய்வார்களாம், நீ கேட்பாய் என்று நானே கேட்டுவைத்தேன். அதற்கெல்லாம் அவர்களிடம் தனி ஏற்பாடு இருக்கும். இது நடந்தால் நான் வேலையை விட்டுவிட்டு இதையே பார்க்கலாம், ஊருக்கே வந்துவிடலாம். இந்த நேரத்தில் போய், கட்டளையைத் தூக்கி எறியும் வழி வைத்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வேன்?

உன் கடிதத்தில் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மாவிடம் போனில் கேட்டால், "வெளிய போயிருக்காவ" என்கிறாள். மூன்று தடவையும் அதையே சொன்னாள். அப்பாவுக்கு என் மேல் கோபமா?

மாரிராஜ்


சங்கரன்கோவில்
21 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு,

நலம் விசாரித்து ஆரம்பிக்க வரவில்லை. இதை உட்கார்ந்து படி, மதினியைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

அடிபட்டது அப்பாவுக்கு. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. மோதிர விரல் இருக்கிறது, மடங்காது.

அழுத்தியது நீ.

நண்பர்கள் சாப்பிட வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை. நீ ஆன் போட்டபோது இங்கே சாயங்காலம், த்ரீ பேஸ் மதியமே போயிருந்தது. உன் ஆன் தொலையவில்லை, சர்வரில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. கரண்ட் இல்லாத நேரத்திலேயே மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கில் தேய்ந்த ரப்பரை மாற்றிவிடலாம் என்று அப்பா கிணற்றுக்குள் மோட்டார் மேடைக்கு இறங்கினார். துண்டைப் போட்டுவிட்டுத்தான் இறங்கினார். விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்ட் வந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் சத்தம் கேட்டு ஓடிவந்து தூக்கினார்கள். திருநெல்வேலி பெரியாஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தோம். கட்டு போட்ட கையோடு அப்பா என்னிடம் கேட்டார், "ஏட்டி, நான் துண்டு போட்டிருந்தனே, எவன்ட்டி தொட்டான்?" சர்வர் கணக்கைப் பார்த்து அப்போதே எனக்குத் தெரியும். தெரியலப்பா என்றேன்.

உன்னிடமும் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன். அங்கே கிடந்து நீ என்ன ஆவாயோ என்று பயம். அம்மாவையும் நான்தான் வாயைக் கட்டினேன், நானே பக்குவமாக எழுதுகிறேன் என்று. யார் அழுத்தியது என்பது அவளுக்குத் தெரியாது. நீ மடையன் என்று எழுதியதைப் படித்த பிறகும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் கன்வேயர் என்று எழுதிவிட்டாய். ஏற்பாடு இருக்கும் என்று எழுதியிருக்கிறாய். இங்கேயும் ஏற்பாடு இருந்தது, துண்டு கிடந்தது. அந்தக் கூடத்தில் கைவிட்டுச் சுத்தம் செய்கிறவர் யாரோ ஒருவருக்கு அப்பா. நான் பேசாமல் இருந்தால் அந்த விரல்களுக்கு நானும் பொறுப்பு.

எனக்கு உன் மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை, கோபம் இருக்கிறது. என் மேலும் இருக்கிறது. மனசு ஒப்பாமல் அந்தச் சர்வரை ஏற்றியது நான்தான்.

முதல் தேதிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது.

கோகிலா


ராட்டர்டாம்
12 அக்டோபர் 2025

கோகிலா,

எல்லோரும் நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தும் கேட்கிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் அந்தக் கூடத்துக்காரர்களிடம் போனேன். என்ன நடந்தது என்று சொன்னேன், யார் அழுத்தியது என்பதையும் சொன்னேன். நன்றி சொன்னார்கள், ஒப்பந்தத்தை நிறுத்திவிட்டார்கள். மாநாட்டுக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன். பாலத்தின் முகப்பிலேயே போட்டிருக்கிறேன்: எதையும் ஓட வைக்கும் கட்டளையை இது வைத்திருந்து கொடுக்காது, முன்பு கொடுத்தது, அதனால் என் தந்தை இரண்டு விரல்களை இழந்தார். ஹோட்டல்காரருக்குத் தனியாக எழுதினேன். வைத்திருப்பவர்கள் அத்தனை பேருக்கும் எழுதினேன். அந்தப் பகுதியை எடுத்தேவிட்டேன். நாலு வருஷமாகக் கட்டியது, எடுப்பதற்கு அரை நாள் ஆகவில்லை.

நீ ஜூனில் கேட்டாய். ஆகஸ்டில் மறுபடி கேட்டாய். நான் சம்சாரிகளுக்குத் தாள் அச்சடிக்கச் சொன்னேன்.

நிர்மலா என்னோடு அதிகம் பேசுவதில்லை. அப்பா எண்ணுக்கு மூன்று நாலு தடவை அடித்தேன். ஒரு மணி அடித்ததும் வைத்துவிட்டேன். என்னால் முடியவில்லை. அப்பாவிடம் நீயே சொல்லிவிடு, கோகிலா. உனக்குத்தான் பக்குவமாகச் சொல்ல வரும்.

மாரிராஜ்


சங்கரன்கோவில்
16 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவும் நானும் நலம். அப்பாவுக்குப் புண் ஆறிவிட்டது. ராத்திரியில் இல்லாத விரல் வலிக்கிறதாம், டாக்டர் அப்படித்தான் இருக்கும் என்றார். நீயும் மதினியும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

நானூறில் பாதிப் பேர் வெளியூர்க் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேரை அருண்பாண்டியன் அண்ணாச்சி தைப்பொங்கல் வரை பிடித்து வைத்திருக்கிறார். "அப்பாவுக்கு ஆனதைப் பாத்த பொறவு ஒன்னய அவசரப்படுத்த எனக்கு வாய் வரல" என்றார். நான் எந்த ஃப்ரேம்வொர்க்கும் இல்லாமல் வெறும் கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதிகம் செய்யாது. கரண்ட் போய் வந்தால், ஆள் புதிதாக ஒரு தடவை அழுத்தினால்தான் மோட்டார் ஓடும். கடையை இப்போதைக்குப் பூட்டவில்லை. முடித்ததும் உனக்கு அனுப்புகிறேன், குறை கண்டுபிடித்து எழுது. புகழ்ந்து எழுதினால் கிழித்துப் போட்டுவிடுவேன்.

நீ சொன்னபடி அப்பாவிடம் நான் சொல்லவில்லை. உன் கடிதத்தை அப்படியே படித்துக் காட்டினேன். அம்மா பாதியிலேயே எழுந்து உள்ளே போய்விட்டாள். அப்பா முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்.

"அவன் அமுக்குனது தப்புன்னு நான் சொல்லல. அவன் தோட்டம், அவன் அமுக்குவான். ஆனா ஓடலன்னு தெரிஞ்சிச்சுல்லா? ஏன்ப்பா ஓடலன்னு எனக்கு ஒரு போனு போட்டுக் கேட்டிருக்கலாம்லா? இப்பத்தான்டா கெணத்துல எறங்கப் போறேன்னு சொல்லியிருப்பேன். போனு பையிலதான இருந்துச்சு."

இதற்குப் பதிலை நான் எழுதித் தர முடியாது. நீதான் சொல்ல வேண்டும். என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்குக் கோபம் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நீ அழுதால் அழு, திட்டினால் வாங்கிக்கொள். எப்பம் வாரே என்று கேட்டால் உள்ளதைச் சொல்.

ஒரு மணி அடித்து நின்றுபோகிறதே, அதெல்லாம் நீதான் என்று அப்பாவுக்குத் தெரியும். சட்டையின் இடது பையில் இருக்கும் போனை இடது கையால் எடுக்கத் தடுமாறுகிறார். நான் வலது பக்கம் ஒரு பை தைத்துக் கொடுத்திருக்கிறேன், இன்னும் பழகவில்லை. எடுக்கக் கொஞ்ச நேரமாகும். வைத்துவிடாதே.

கோகிலா